நேர் தையலில் அறாத நூல் ஃப்ரீ மோஷனில் மட்டும் ஏன் அறுகிறது?

கேட்டவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். பருத்தித் துணியில் செய்யும் குயில்ட்டுக்கு, அதாவது மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வைக்கு, பருத்தி நூல்தான் போட வேண்டுமா? நூலில் 40-ஆம் எண் வாங்குவதா, 50 வாங்குவதா? அம்மாவின் தையல் பெட்டியில் கிடக்கும் பழைய நூல்கண்டுகளைப் பயன்படுத்தலாமா? ஆனால் இவற்றுக்கு நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: அதே நூல் நேர் தையலில் அறுவதே இல்லை, துணியை நகர்த்தும் பற்களை இறக்கிவிட்டுக் கையால் நகர்த்தித் தைத்தால் (இதுதான் ஃப்ரீ மோஷன்) பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகிறது என்று. என்னைக் கேட்டால் உண்மையான கேள்வி அதுதான். அதை முதலில் பார்த்துவிட்டால் மற்ற மூன்றுக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும். பதினைந்து வருடமாக வீட்டு மெஷினில் குயில்டிங் செய்கிறேன், சிலருக்குக் கற்றும் கொடுக்கிறேன். குயில்டிங்குக்கென்றே உள்ள பெரிய லாங்ஆர்ம் மெஷினில் பழகியதில்லை. அதனால் இங்கே சொல்வதெல்லாம் மேஜைமேல் வைத்துத் தைக்கும் சாதாரண மெஷினுக்கு மட்டும்.

மேல்நூல் கண்டிலிருந்து கிளம்பி, ஊசிக்காதில் நுழைந்து, அப்படியே துணியில் போய் உட்கார்ந்துவிடுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஊசி கீழே போய் லேசாக மேலேறும்போது நூல் ஒரு சிறு வளையமாக விரிகிறது. ஷட்டிலின் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, கீழ்நூல் இருக்கும் பாபின் கேஸை முழுதாகச் சுற்றிக் கொண்டுவருகிறது. அப்படிச் சுற்றிவரப் பல சென்டிமீட்டர் நூல் வேண்டும். ஆனால் ஒரு தையலில் தங்குவதோ சில மில்லிமீட்டர்தான். மீதி அத்தனையையும் மேலே ஏறி இறங்கும் அந்த நெம்புகோல் திரும்ப இழுத்துக்கொள்கிறது. ஆக, நூலின் ஒரு குறிப்பிட்ட இடம் துணியில் சேர்வதற்குள் ஊசிக்காது வழியாகப் பல பத்து முறை மேலும் கீழும் போய் வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஓர் உரசல்.

நேர் தையலிலும் இதேதான் நடக்கிறது, ஆனால் அங்கே துணி ஒரே திசையில், ஊசி துணிக்கு வெளியே இருக்கும்போது மட்டும் நகரும். ஃப்ரீ மோஷனில் அப்படிக் கணக்குப் பார்த்து நகர்த்த நம் கைக்குத் தெரியாது. ஊசி துணிக்குள் இருக்கும்போதே இழுக்கிறோம். ஊசி வளைகிறது, சில சமயம் தகட்டிலோ கொக்கியிலோ உரசுகிறது. இடது, வலது, முன், பின் என்று எல்லாத் திசையிலும் போவதால் நூல் ஊசிக்காதின் ஓரங்களில் மாறி மாறி இழுபடுகிறது. ஊசியின் முன்பக்கம் மேலிருந்து காது வரை ஒரு நீண்ட பள்ளம் இருக்கும். நூல் பதுங்கிக்கொள்ளத்தான் அது. பக்கவாட்டில் இழுக்கும்போது நூல் அந்தப் பள்ளத்தைவிட்டு வெளியே வந்துவிடும். இதற்கெல்லாம் மேல், நடுவில் பேட்டிங் என்ற பஞ்சு அடுக்கு வைத்த மூன்று அடுக்கு. பயத்தில் மெஷினை மெதுவாக ஓட்டி, கையை மட்டும் சடாரென்று இழுத்தால் அந்த இழுப்பு முழுவதும் ஒற்றை நூலின் தலையில்தான் விழும்.

அடுத்த முறை அறுந்தவுடன் மறுபடி கோத்துவிடாதீர்கள். அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதில் கதையே இருக்கிறது. கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக அறுந்திருந்தால் பெரும்பாலும் டென்ஷன், அதாவது மெஷின் நூலை இறுக்கிப் பிடிக்கும் அளவு, அதிகம், அல்லது நூல் எங்கேயோ சிக்கி இழுபட்டிருக்கிறது. முனை பஞ்சுபோல் பிரிந்து, ஒரு புரி மட்டும் மெலிந்து நீண்டு தொங்கினால் அது உரசித் தேய்ந்து அறுந்தது. அப்போது ஊசிக்காதுக்குச் சற்று மேலே பாருங்கள், பிசிறு சின்ன உருண்டையாகத் திரண்டு நிற்கும். என்னிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் கொண்டுவருவது இந்த இரண்டாவது வகைதான். அவர்கள் குறை சொல்வது நூலை. மாற்ற வேண்டியிருப்பது ஊசியை.

ஊசியின் எண் 90/14 என்றால், 90 என்பது தண்டின் விட்டம் 0.90 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். 14 அதே அளவின் இன்னொரு பெயர். ஃப்ரீ மோஷனுக்கு டாப்ஸ்டிச் ஊசியை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், அதே தடிமனுள்ள மற்ற ஊசிகளைவிட அதன் காது நீளமானது, பள்ளம் ஆழமானது. நூலுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். உங்கள் நூலுக்கு ஊசி பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஊசியைக் கழற்றி ஒரு முழ நூலில் கோத்து, ஒரு முனையை உயரமாகவும் மறுமுனையைத் தாழ்வாகவும் இழுத்துப் பிடியுங்கள். ஊசி தானாக வழுக்கிக்கொண்டு கீழே இறங்கினால் சரி. நடுவழியில் முரண்டு பிடித்து நின்றால் அந்த நூலுக்கு அந்தக் காது போதாது, அடுத்த பெரிய அளவுக்குப் போங்கள். மெல்லிய நூலுக்குத் தேவையில்லாமல் பெரிய ஊசி போட்டாலும் தொல்லைதான். துணியில் ஓட்டை தெரியும், அதன் வழியாகப் பேட்டிங்கின் இழைகூட எட்டிப் பார்க்கும்.

இப்போது எண்களுக்கு வருவோம். 40, 50, 60 என்று நூலில் போட்டிருப்பது நீளத்தையும் எடையையும் வைத்துப் போட்ட கணக்கு. எளிமையாகச் சொன்னால், 40 கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ இருந்தால் அது 40. ஒரு கிலோ வர 50 கிலோமீட்டர் தேவைப்பட்டால் 50. எண் கூடக் கூட நூல் மெலிது. இதில் புதியவர்கள் எல்லோரும் ஒருமுறை தலைகீழாக வாங்கி ஏமாறுவார்கள், நானும் ஏமாந்திருக்கிறேன். ஆனால் சிக்கல் அதோடு முடியவில்லை. எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே கணக்கைப் போடுவதில்லை. பருத்தி நூலுக்குப் பழைய கவுன்ட் முறை ஒன்று இருக்கிறது. 840 கெஜம் ஒரு சிட்டம், ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அது கவுன்ட். அந்த முறையில் 50/3 என்றால் 50 கவுன்ட் புரிகள் மூன்றைச் சேர்த்து முறுக்கியது, 50/2 என்றால் இரண்டைச் சேர்த்து முறுக்கியது. இரண்டின் தலையிலும் 50 என்றுதான் இருக்கும், அதே நீளத்துக்கு எடையோ ஒன்று மற்றதைப்போல ஒன்றரை மடங்கு.

குழப்பமில்லாத அளவு வேண்டுமானால் டெக்ஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 1,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் டெக்ஸ். இதில் எண் கூடினால் தடிமனும் கூடும். மேலே சொன்ன கவுன்ட் கணக்கில் 50/2 பருத்தி சுமார் 24 டெக்ஸ், 50/3 சுமார் 35 டெக்ஸ். கிலோமீட்டர் கணக்கில் 40 என்று போட்ட பாலியெஸ்டர் 25 டெக்ஸை ஒட்டி வரும். அதாவது 50 என்று எழுதிய ஒரு பருத்தி நூல், 40 என்று எழுதிய பாலியெஸ்டரைவிடத் தடிமனாக இருக்கலாம். ஆகவே 40 வாங்கவா, 50 வாங்கவா என்ற கேள்விக்கு எண்ணை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. எந்த இழை, எத்தனை புரி என்பதும் தெரிய வேண்டும்.

பருத்திக்குப் பருத்திதான் என்ற விதியைப் பற்றி. இது குயில்ட் செய்பவர்களிடம் பல காலமாகப் புழங்குகிற பேச்சு. பாலியெஸ்டர் நூல் பலமானது, பருத்தித் துணி மென்மையானது, நாளடைவில் நூல் துணியை அறுத்துவிடும் என்பது அதன் வாதம். இதில் நிச்சயமான பகுதி: தையலில் இழுப்பு விழும்போது நூலும் துணியும் போட்டி போட்டால் பலவீனமானதுதான் முதலில் கிழியும். தையல் விட்டால் மறுபடி தைக்கலாம், துணி கிழிந்தால் ஒட்டுப்போடத்தான் வேண்டும். ஆகவே துண்டுகளை இணைக்கும் தையலுக்கு அளவுக்கு மீறிப் பலமான நூல் வேண்டாம் என்பதில் நியாயம் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய பகுதி: மேற்பரப்பில் ஓடும் குயில்டிங் கோட்டில் மெல்லிய பாலியெஸ்டர் நூல் துணியை ரம்பம்போல் அறுக்கும் என்பது. நான் பாலியெஸ்டரில் தைத்த குயில்ட்டுகள் பத்து வருடத்துக்கு மேல் துவைபட்டும் அப்படி ஒரு அறுப்பைப் பார்த்ததில்லை. ஒருவருடைய அலமாரியில் இருப்பதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது, அதனால் விதி பொய் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஃப்ரீ மோஷனுக்கு நூல் எடுக்கும்போது அந்தப் பயத்தை முதலிடத்தில் வைக்காதீர்கள் என்பது மட்டும் என் கருத்து.

பருத்தி நூலின் நன்மை அதன் அடக்கம். மினுக்காது, துணியோடு துணியாகப் படுத்துக்கொள்ளும், பெரிதாக நீளாது. குறை, பிசிறு. மலிவான பருத்தி நூலில் இழைகள் குட்டை. அவை ஊசிக்காதிலும் டென்ஷன் தட்டுகளுக்கு இடையிலும் உதிர்ந்துகொண்டே இருக்கும். நீண்ட இழைப் பருத்தியில் முறுக்கி, மேற்பிசிறைச் சுடரில் பொசுக்கி, மெர்சரைஸ் செய்த நூலாகப் பாருங்கள். 1844-இல் ஜான் மெர்சர் பருத்தியைக் காரச் சோடாவில் நனைத்துப் பார்த்ததிலிருந்து தொடங்கிய முறை இது. பின்னாளில் ஹொரேஸ் லோ நூலை இழுத்துப் பிடித்தபடியே நனைக்கலாம் என்று கண்ட பிறகுதான் அந்தப் பளபளப்பு வந்தது. பளபளப்புக்காக அல்ல, இழைகள் படிந்து வழவழப்பாகி உரசல் குறைகிறது என்பதற்காகத்தான் அது நமக்கு வேண்டும்.

பாலியெஸ்டர் என்று ஒரே பெயரில் விற்பது ஒரே பொருள் அல்ல. சாதாரணத் தையல் நூல் பெரும்பாலும் குட்டை இழைகளை நூற்றுச் செய்தது, அதுவும் பிசிறு விடும். எம்பிராய்டரிக்கு விற்கும் ட்ரைலோபல் பாலியெஸ்டர் நீண்ட தொடர் இழைகளால் ஆனது. இழையின் குறுக்குவெட்டு முக்கோணம் போலிருப்பதால் ஒளிபட்டு மின்னும். பிசிறு மிகக் குறைவு, ஊசிக்காதில் வெண்ணெய்போல் வழுக்கும். ஆனால் இழுத்தால் கொஞ்சம் நீளும், விட்டால் சுருங்கும். மேல் டென்ஷன் இறுக்கமாக இருந்தால் தைக்கும்போது தட்டையாகத் தெரிந்த துணி, மெஷினிலிருந்து எடுத்ததும் சுருக்கம் கட்டும். டென்ஷனை ஒன்றிரண்டு எண் குறைத்தால் சரியாகிவிடும். ரேயான் அழகு, நனைந்தால் பலம் குறையும், அடிக்கடி துவைக்கும் குயில்ட்டுக்கு நான் போடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒற்றை இழை நூலில் நைலானும் உண்டு, பாலியெஸ்டரும் உண்டு. நைலான் நாளாக ஆக மஞ்சளாகி விறைக்கும், சூடான இஸ்திரியும் ஆகாது, எடுப்பதானால் பாலியெஸ்டரை எடுங்கள். ஜரிகை நூலைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். கையால் குயில்ட் செய்வதற்கென்று மெழுகோ பசையோ பூசி விற்கும் நூல் பார்க்க உறுதியாக இருக்கும். அதை மெஷினில் மாட்டாதீர்கள், பூச்சு உரிந்து டென்ஷன் தட்டுகளில் அடையும்.

பொருளைவிட முன்னால் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த நூல் தெரிய வேண்டுமா, மறைய வேண்டுமா? நான் இதைக் கற்றது அடிபட்டுத்தான். முதல் பெரிய குயில்ட்டில் இறகு வடிவம் போட ஆசைப்பட்டு, கருநீலத்திலிருந்து வெள்ளை வரை நிறம் மாறும் 30-ஆம் எண் நூலை எடுத்தேன். கண்டில் பார்க்க மயில் கழுத்துபோல் இருந்தது. இறகு வடிவத்தில் ஒவ்வொரு மடலும் முடிந்ததும் வந்த கோட்டின் மேலேயே திரும்பிப் போக வேண்டும். தடித்த நூல் இரண்டு முறை, சில இடத்தில் மூன்று முறை ஒன்றன்மேல் ஒன்று ஏறியதும் நடுத்தண்டு கயிறுபோல் புடைத்துக்கொண்டது. கோட்டை விட்டு விலகிய ஒவ்வொரு இடமும் நீலத்துண்டில் வெள்ளையாகவும் வெள்ளைத்துண்டில் நீலமாகவும் பல்லைக் காட்டியது. மூன்று நாள் மாலை உட்கார்ந்து பிரித்தேன். திரும்பத் திரும்ப ஒரே கோட்டில் போகும் வடிவத்துக்கும் நெருக்கமாக நிரப்பும் வேலைக்கும் 60 அல்லது அதைவிட மெல்லிய நூல், துணியின் நிறத்திலேயே. ஒற்றைக் கோடாக ஓடி, தானே அலங்காரமாக நிற்க வேண்டிய வடிவத்துக்குத்தான் 40, 30. கை பழகும் வரை நிறம் மாறும் நூலையும் எதிர்நிறத்தையும் தள்ளி வைப்பது நல்லது. நிறத்தைக் கண்டாக வைத்துப் பார்க்காதீர்கள். ஒரு கை நூலைப் பிரித்துத் துணிமேல் வளைய வளையமாகப் போட்டு நாலடி தள்ளி நின்று பாருங்கள். கண்டில் இருட்டாகத் தெரிவது ஒற்றை நூலாகும்போது வெளுத்துத் தெரியும்.

பாபினில் என்ன போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாதிப் பேருக்குச் சிக்கல் அங்கேதான். மேலே போட்டதையே கீழேயும் போடலாம், அல்லது அதைவிட மெல்லியதைப் போடலாம். 60-ஆம் எண் பாலியெஸ்டர் பாபினில் நிறைய ஏறும், அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. நிறம் மட்டும் மேல்நூலுக்குக் கிட்டத்தில் இருக்கட்டும். மேலே வெள்ளையும் கீழே கறுப்பும் போட்டால் எந்த டென்ஷனிலும் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். வளைவுகளில் அடிப்பக்கம் கண்ணிமை மயிர்போல் நூல் வரிசையாக நீட்டிக்கொண்டு, நடுவே பாபின் நூல் நேர்கோடாகக் கிடந்தால் நூலை மாற்ற ஓடாதீர்கள். வளைவில் கையை வேகமாக வீசுகிறீர்கள், மெஷின் பின்தங்குகிறது. கையை நிதானமாக்கி மெஷினைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுங்கள். அதிலும் தீராவிட்டால் மேல் டென்ஷனைச் சற்றுக் கூட்டுங்கள்.

நூல் கண்டில் சுற்றியிருக்கும் விதத்தையும் பாருங்கள். பெருக்கல் குறிபோல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியது மேல்முனை வழியாக உருவி வர வேண்டும். படுக்கைவாட்டுக் கம்பியோ கோன் ஸ்டாண்டோ அதற்குப் பொருந்தும். ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கிச் சுற்றியது செங்குத்துக் கம்பியில் கண்டு சுழலச் சுழலப் பக்கவாட்டில் வர வேண்டும். மாற்றி வைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் முறுக்கு ஏறும் அல்லது இறங்கும், ஊசிக்கு வரும்போது சுருண்டு நிற்கும்.

இனி உங்கள் 40-ஆ 50-ஆ கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். இப்போதைக்கு அறாமல் தைத்துக் கை பழகுவதுதான் தேவை என்றால் 40-ஆம் எண் ட்ரைலோபல் பாலியெஸ்டர், துணியோடு ஒத்துப்போகும் நிறத்தில், 90/14 டாப்ஸ்டிச் ஊசியோடு. மினுமினுப்பு பிடிக்கவில்லை என்றால் 50/2 பருத்தி, 80/12 ஊசி, கூடவே ஒவ்வொரு பாபின் தீரும்போதும் பாபின் கேஸைத் திறந்து பிரஷ்ஷால் தூசி தட்டும் பழக்கம். ஒரு போர்வைக்குத் தேவையானதை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். ஒரு மீட்டர் கோட்டுக்கு மேலும் கீழுமாக இரண்டரை முதல் மூன்று மீட்டர் நூல் போகும், அதே நிற எண் அடுத்த முறை சாயம் போட்ட சரக்கில் ஒரு பிடி மாறி வரலாம். அடர்சிவப்பு, கருநீல நூலை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்து, சாயம் விடுகிறதா என்று பார்த்த பிறகே மெஷினில் மாட்டுங்கள். எதை வாங்கினாலும் அதே துணி, அதே பேட்டிங், அதே அடித்துணியில் ஓரடிச் சதுரம் செய்து தைத்துப் பாருங்கள். நூல், ஊசி எண், டென்ஷன் எண் மூன்றையும் பேனாவால் அதன்மேலேயே எழுதிவையுங்கள். என்னிடம் அப்படி ஒரு கட்டு இருக்கிறது, புதிய நூல் எதை எடுத்தாலும் முதலில் அதைத்தான் புரட்டுகிறேன்.

கடைசியாக அம்மாவின் தையல் பெட்டி. நூலுக்கு வயது மட்டும் பகை அல்ல, வெயிலும் சூடும் ஈரமும்தான். மூடிய பெட்டியில் இருந்தது நன்றாகவே இருக்கலாம், ஜன்னலோரத்தில் இருந்தது போயிருக்கலாம். மேல் சுற்றுகளைக் கழித்துவிட்டு, உள்ளிருந்து ஒரு முழம் எடுத்து இரு கையாலும் மெதுவாக இழுங்கள், அதே வகைப் புதிய நூலையும் அதேபோல் இழுங்கள். புதியது கையை அறுக்கிற அளவுக்குத் தாக்குப்பிடித்து, பழையது காய்ந்த நார்போல் பட்டென்று விட்டுப்போனால் மெஷினுக்கு வேண்டாம். சிரமப்பட்டு அறுந்தாலும்கூட அதை ஃப்ரீ மோஷனில் மேல்நூலாகப் போடத் தயங்குவேன். ஊசிக்காது வழியாக அத்தனை முறை போய்வரும் வேலை அதற்கு இனி வேண்டாம். மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் ஓடு தையல் போட்டுப் பிடித்துவைக்க அந்த நூல் அருமையானது. குயில்டிங் முடிந்ததும் லேசாக இழுத்தாலே உருவி வந்துவிடும்.